குருப்பட்டம் யாருக்கு? காலனி கால இந்தியாவுல ஆங்கிலிக்கன் செமினரி வந்த கதை

இன்னைக்கு சிஎஸ்ஐ சபையில, அதாவது தென்னிந்திய திருச்சபையில, ஐயர் (குருவானவர்) ஆகணும்னா ரூட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு டிகிரி முடிக்கணும், டயோசிஸ் (பிஷப் பொறுப்புல இருக்கிற மண்டலம்) செலக்ட் பண்ணணும், செமினரில, அதாவது குருமாரைப் பயிற்றுவிக்கிற காலேஜ்ல, சேர்ந்து பி.டி.ங்கிற இறையியல் டிகிரி படிக்கணும், வந்து கொஞ்ச நாள் ஒரு சேகரத்துல (ஒரு ஐயர் பொறுப்புல இருக்கிற சபைகள்) வேலை பாக்கணும், அப்புறம் பிஷப் தலையில கை வச்சு பட்டம் கொடுப்பார். இதுல செமினரிங்கிறது எப்போ, எதுக்காக உள்ள வந்துச்சுன்னு கேட்டா, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதான்னு சொல்லி முடிச்சிருவாங்க. அது பாதிதான் சரி, ஏன்னா அந்த காலத்துல வெள்ளைக்காரன் ஊர்லயே செமினரின்னு சொல்லிக்கிற மாதிரி பெருசா ஒண்ணும் கிடையாது.

நம்ப கஷ்டமா இருக்கும், ஆனா 1800 வாக்குல இங்கிலாந்துல ஒருத்தர் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) குருவானவர் ஆகணும்னா தனியா இறையியல் காலேஜ் எதுக்கும் போக வேண்டியதில்ல. ஆக்ஸ்ஃபோர்டு இல்லன்னா கேம்பிரிட்ஜ்ல ஒரு டிகிரி, கொஞ்சம் லத்தீன், கொஞ்சம் கிரேக்கம், நல்ல நடத்தைன்னு சில பேர் கையெழுத்து போட்ட லெட்டர், பிஷப் வைக்கிற ஒரு பரீட்சை, அவ்வளவுதான். யுனிவர்சிட்டிக்கு செலவு பண்ண முடியாத பசங்களுக்காக 1816ல செயின்ட் பீஸ்ங்கிற கடலோர ஊர்ல ஒரு காலேஜ் தொடங்குனாங்க. சிச்செஸ்டர் 1839, வெல்ஸ் 1840, கட்ஸ்டன் 1854. ஆனா கல்கத்தால பிஷப்ஸ் காலேஜுக்கு அடிக்கல் நாட்டினது 1820. அதாவது இந்த விஷயத்துல இந்தியா இங்கிலாந்தை காப்பி அடிச்சதுன்னு சொல்ல முடியாது, பல இடத்துல இங்கதான் முதல்ல செஞ்சு பாத்தாங்க.

ஏன் இங்க அவசரம்? அதுக்கு ஒரே ஒரு ரூல் புரிஞ்சா போதும், மீதி கதை எல்லாம் அதுலேர்ந்துதான் வருது. ஆங்கிலிக்கன் சபையில குருப்பட்டம் கொடுக்க பிஷப் ஒருத்தராலதான் முடியும். நற்கருணை, ஞானஸ்நானம், கல்யாணம்னு சபை வாழ்க்கை ஓடணும்னா குருவானவர் வேணும், குருவானவர் வேணும்னா பிஷப் வேணும். மார்ட்டின் லூதர் வழியில வந்த லுத்தரன்காரங்களுக்கு இந்த கண்டிஷன் இவ்வளவு டைட்டா இல்ல, பாஸ்டர்ஸ் சேர்ந்து கை வச்சாலே பட்டம் செல்லும். இந்த ஒரு வித்தியாசம்தான் தமிழ்நாட்டு சபை வரலாறை நூறு வருஷத்துக்கு மேல படாத பாடு படுத்துச்சு.

தரங்கம்பாடிக்கு சீகன்பால்க் வந்தது 1706. அவர் லுத்தரன், டென்மார்க் ராஜா அனுப்பின ஆளு. ஆனா கொஞ்ச வருஷத்துலயே லண்டன்ல இருந்த எஸ்பிசிகேங்கிற ஆங்கிலிக்கன் சங்கம் உதவிக்கு வந்துருச்சு, பிரிண்டிங் பிரஸ் அனுப்புச்சு, பணம் அனுப்புச்சு, அப்புறம் சென்னை, தஞ்சாவூர், திருச்சின்னு இங்கிலீஷ்காரங்க ஏரியால வேலை செஞ்ச மிஷனரிகளுக்கு சம்பளமும் கொடுத்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா சம்பளம் வாங்கினவங்க எல்லாம் ஜெர்மன் லுத்தரன்கள். இங்கிலாந்துல பட்டம் வாங்கின ஆங்கிலிக்கன் குருமார் யாரும் இந்த வேலைக்கு வர ரெடியா இல்ல, அதனால காசு ஆங்கிலிக்கன், ஆளு லுத்தரன்னு ஒரு ஏற்பாடு ஓடிட்டே இருந்துச்சு. 1733ல தரங்கம்பாடில ஆரோன்ங்கிற தமிழருக்கு பட்டம் கொடுத்தாங்க, இந்தியாவுல புராட்டஸ்டண்ட் குருவானவர் ஆன முதல் இந்தியர் அவர்தான். 1790ல தஞ்சாவூர்ல சத்தியநாதனுக்கு பட்டம் கொடுத்தாங்க, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளத்த ஆளு, பாளையங்கோட்டை சபையை பாத்துக்க போனவர். அவரோட பிரசங்கத்தை எஸ்பிசிகே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து லண்டன்ல அச்சடிச்சே வெளியிட்டாங்க.

இவங்க எல்லாம் எங்க படிச்சாங்க? மிஷனரி வீட்டுத் திண்ணையிலன்னு சொன்னா ரொம்ப தப்பில்ல. ஐயர் கூடவே ஊர் ஊரா போறது, அவர் பேசுறத கேக்குறது, அவருக்கு தமிழ் திருத்திக் கொடுக்கறது, ஸ்கூல்ல பாடம் எடுக்கறது, இப்படி பல வருஷம் போகும். உபதேசியாரா, அதாவது பட்டம் இல்லாம சபையில போதிக்கிற ஊழியரா, பத்து இருபது வருஷம் வேலை செஞ்ச பிறகுதான் பட்டம்ங்கிற பேச்சே வரும். காலேஜ் கிடையாது, சிலபஸ் கிடையாது. ஆனா இப்படி வந்தவங்க வேதத்தையும் ஜனங்களையும் நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாங்க, அத மறுக்க முடியாது. லுத்தரன் பட்டம் ஆங்கிலிக்கன் சங்கத்துக்கு செல்லுமாங்கிற கேள்வி அப்போ பெருசாகல, ஏன்னா பக்கத்துல இருந்த ஆங்கிலிக்கன் பிஷப்பே மாசக்கணக்குல கப்பல்ல போனாதான் பாக்க முடியும்ங்கிற தூரத்துல இங்கிலாந்துல இருந்தார்.

1813ல கிழக்கிந்திய கம்பெனியோட சார்ட்டரை (உரிமைப் பத்திரம்) புதுப்பிச்சப்போ பார்லிமென்ட் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப், அவருக்குக் கீழ மூணு ஆர்ச்டீக்கன்னு சேத்துச்சு. 1814 கடைசில தாமஸ் மிடில்டன் வந்து இறங்கினார். இப்போ பிஷப் வந்தாச்சு, பிரச்சனை தீர்ந்துச்சுன்னுதானே நினைப்போம்? அதுதான் இல்ல. மிடில்டன் ரூல் புக் மனுஷன், சட்டத்துல எழுதாத ஒண்ணையும் தொட மாட்டார். அவரோட நியமனப் பத்திரத்துல இருந்த அதிகாரம் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கானது, இந்தியர்களுக்கு பட்டம் கொடுக்கலாம்னு அதுல தெளிவா இல்ல, அதனால முடியாதுன்னுட்டார். அதே மனுஷன்தான் இந்திய ஊழியர்களைப் பயிற்றுவிக்க பிஷப்ஸ் காலேஜ் ஆரம்பிச்சதும். டிரைவிங் ஸ்கூல் தொறந்தாச்சு, லைசன்ஸ் கொடுக்கத்தான் ஆபீசருக்கு பவர் இல்ல, அந்த மாதிரி. அவர் 1822ல இறந்துட்டார். அடுத்த வருஷம் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டு அந்த வழியை தொறந்து விட்டுச்சு, 1824ல அடுத்த பிஷப் ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தால கிறிஸ்டியன் டேவிட்டுக்கு பட்டம் கொடுத்தார். இந்த கிறிஸ்டியன் டேவிட் ஒரு தமிழர், சுவார்ட்ஸ் ஐயர் மாணவர், யாழ்ப்பாணத்துல பல வருஷம் ஊழியம் செஞ்சவர். ஆங்கிலிக்கன் பட்டம் வாங்கின முதல் இந்தியர் இவர்தான், ஆனா இவரும் எந்த காலேஜ்லயும் உருவானவர் கிடையாது, அதே பழைய திண்ணை ஸ்கூல்தான். ஹீபர் 1826ல திருச்சிக்கு வந்த இடத்துல குளிக்கப் போய் இறந்துட்டார், அவர் கல்லறை அங்க செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுல இருக்கு.

இப்போ பிஷப்ஸ் காலேஜுக்கு வருவோம். ஹூக்ளி கரையில, சிப்பூர்ல, பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல இடம். கோதிக் ஸ்டைல்ல கட்டடம், இங்கிலாந்து காலேஜ் ஒண்ண பேத்து எடுத்து வங்காளத்துல வச்ச மாதிரி. எஸ்பிஜி, எஸ்பிசிகே, சிஎம்எஸ்னு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கங்கள் ஆளுக்கு 5,000 பவுண்ட் கொடுத்தாங்க, அப்போ அது பெரிய காசு. நோக்கம்னு நாலு விஷயம் சொன்னாங்க: இந்திய கிறிஸ்தவ பசங்களை உபதேசியாரா, வாத்தியாரா, பிரசங்கியாரா ஆக்குறது; இந்து முஸ்லிம் பசங்களுக்கு இங்கிலீஷும் பொது அறிவும் சொல்லிக் கொடுக்குறது; வேதத்தையும் ஜெபப்புத்தகத்தையும் மொழிபெயர்க்கிறது; இங்கிலாந்துலேர்ந்து புதுசா வர்ற மிஷனரிகளுக்கு தங்கி பாஷை கத்துக்க ஒரு இடம். படிச்சாலே தெரியுது, ஒரு காலேஜ் மேல எவ்வளவு பாரம் ஏத்தியிருக்காங்கன்னு.

முதல் பிரின்சிபால் வில்லியம் ஹாட்ஜ் மில். பயங்கர படிப்பாளி, இயேசுவோட சரித்திரத்தை சமஸ்கிருதத்துல காவியமாவே எழுதினவர். ஆனா அந்த காவியத்தை படிச்சு ஊர்ல போய் பிரசங்கம் பண்ணப் போறது யாருன்னு கேட்டா பதில் இல்ல. பசங்க ரொம்ப கம்மி, கட்டடத்தோட சைஸுக்கும் உள்ள இருந்த தலை எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்ல. லத்தீன், கிரேக்கம், இங்கிலீஷ்னு வச்சா கிராமத்துப் பையன் எப்படி வருவான், தெற்கேர்ந்து ஒருத்தன் வரணும்னா கப்பல் ஏறி வரணும்.

வந்தவங்களையும் நிம்மதியா விடல. பெங்காலியோட பெரிய கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தா 1843ல கிறிஸ்தவர் ஆனார், மறு வருஷம் பிஷப்ஸ் காலேஜ்ல சேர்ந்தார், கிரேக்கம், லத்தீன் எல்லாம் அங்கதான் படிச்சார். ஐரோப்பிய பசங்களுக்கு ஒரு டிரெஸ், இந்திய பசங்களுக்கு வேற டிரெஸ்னு இருந்ததுல அவர் நிர்வாகத்தோட மோதினார். ஒரே கிளாஸ், ஒரே வேதம், ஒரே ஜெபப்புத்தகம், ஆனா அங்கி மட்டும் வேற. காலனி கால இறையியல் கல்வியில என்ன கோளாறுன்னு யாராவது கேட்டா நான் இந்த டிரெஸ் சண்டையைத்தான் காட்டுவேன். கடைசில அவர் குருவானவர் ஆகல, 1848ல சென்னைக்கு வந்துட்டார். காலேஜும் பின்னால சிப்பூரை விட்டு ஊருக்குள்ள போயிருச்சு, 1880ல அந்த இடத்துக்கு இன்ஜினியரிங் காலேஜ் வந்துச்சு. இப்பவும் அங்க இன்ஜினியரிங்தான் நடக்குது.

உண்மையான கதை நடந்தது கோதிக் கட்டடத்துல இல்ல, திருநெல்வேலி செம்மணல் தேரிக்காட்டுல. அங்க நிலைமையே வேற. ஒருத்தர் ரெண்டு பேரா இல்லாம ஊர் ஊரா, குடும்பம் குடும்பமா சபையில சேர்ந்தாங்க. இத்தனை ஊருக்கும் வெள்ளைக்கார ஐயர் விரல் விட்டு எண்ணிரலாம். அப்போ சபையை நடத்தினது யாரு? உபதேசியார்தான். காலையிலயும் சாயங்காலமும் ஜெபம், ஞாயித்துக்கிழமை ஆராதனை, பிள்ளைங்களுக்கு எழுத்து, ஞானஸ்நானத்துக்கு தயார் பண்றது, சண்டையைத் தீத்து வைக்கிறது, சாவு வீட்டுக்குப் போறது எல்லாம் அவர் தலையில. நற்கருணை மட்டும் கொடுக்க முடியாது, அதுக்குப் பட்டம் வேணும், ஐயர் சுத்தி வர்ற வரைக்கும் சபை காத்துக் கிடக்கணும்.

இவங்களுக்கான படிப்பு எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாக்கலாம். உபதேசியார்கள் எல்லாரும் குறிப்பிட்ட நாள்ல ஐயர் இருக்கிற ஸ்டேஷனுக்கு நடந்து வருவாங்க, கையில டயரி. எந்தெந்த ஊருக்குப் போனேன், யாருகிட்ட பேசினேன், அவன் என்ன கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன்னு எழுதினத வாசிக்கணும். ஐயர் கேள்வி கேப்பார், மத்தவங்க முன்னாடியே திருத்துவார். அப்புறம் ஒரு வேதப்பகுதியை எடுத்து விளக்குவார், அதையே குறிப்பு எடுத்துட்டுப் போய் அடுத்த ஞாயிறு அவங்கவங்க ஊர்ல பிரசங்கம் பண்ணணும். சம்பளமும் ஐயர் கையிலேர்ந்துதான். படிப்பு, ரிப்போர்ட், பிரசங்கம், சம்பளம் நாலும் ஒரே மனுஷன் கையில இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, உபதேசியார் எதிர்த்து ஒரு கேள்வி கேக்க எவ்வளவு யோசிப்பார். ஆனா இன்னொரு பக்கம், பாடம் முழுக்க தமிழ்ல இருந்துச்சு, களத்துல வந்த கேள்வியிலேர்ந்தே பாடம் பொறந்துச்சு, இது கல்கத்தாவுக்கு கடைசி வரைக்கும் வாய்க்கல.

இந்த முறைய பெருசாக்கினவர் ரேனியஸ் ஐயர். 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தவர், சிஎம்எஸ் சம்பளத்துல இருந்த ஜெர்மன் லுத்தரன், மறுபடியும் அதே கூட்டணி. உபதேசியார்களையும் வாத்தியார்களையும் பயிற்றுவிக்க ஒரு செமினரி நடத்தினார், தமிழ் இலக்கணம் எழுதினார், இறையியல் நூலும் தமிழ்லயே எழுதினார். அவருக்கு வந்த சிக்கல் இதுதான்: சபைகள் பெருகிருச்சு, நல்ல அனுபவமுள்ள உபதேசியார்கள் கையில இருக்காங்க, இவங்களுக்கு தரங்கம்பாடி வழக்கப்படி நாமளே பட்டம் கொடுத்துறலாம்னார். சிஎம்எஸ் ஒத்துக்கல. இது 1790 இல்ல, இப்போ நாட்டுல பிஷப் இருக்கார், பட்டம் ஆங்கிலிக்கன் முறையிலதான்னு சொன்னாங்க. ஆங்கிலிக்கன் சபை முறைய விமர்சிச்சு அவர் எழுதினது அச்சுல வந்ததும் விஷயம் முத்திருச்சு, 1835ல அவரை விலக்கிட்டாங்க. ஆற்காடு பக்கம் போனார், உபதேசியார்கள் திரும்பி வாங்கன்னு கூப்பிட வந்துட்டார், திருநெல்வேலி சபையே ரெண்டாப் பிளந்துச்சு. 1838ல அவர் இறந்த பிறகுதான் மெதுவா ஒட்டுச்சு. சட்டப்படி சிஎம்எஸ் பக்கம் நியாயம் இருந்துச்சு, ஆனா மேய்க்க ஆள் இல்லாம நின்ன சபைக்கு அந்த நியாயத்தால என்ன பிரயோஜனம்ங்கிற ரேனியஸ் கேள்வி எனக்கு இன்னும் கனமாத்தான் தெரியுது.

அதே 1835ல சென்னைக்குன்னு தனி பிஷப் வந்தார், டேனியல் கோரி. அதுக்கு முன்னாடியே 1830ல ஜான் தேவசகாயம் உதவிகுருவா பட்டம் வாங்கியிருந்தார், 1836ல முழு குருவானவர் ஆனார், கடாட்சபுரத்துல அவர் பேர் இன்னும் சொல்றாங்க. இனிமே பட்டம் கொடுக்க பிஷப் பக்கத்துலயே இருக்கார், சரி, பட்டத்துக்கு முன்னாடி என்ன படிச்சிருக்கணும்ங்கிற கேள்வி இப்போதான் நிஜமா வந்துச்சு. இங்கதான் ரெண்டு சங்கமும் ரெண்டு ரூட் எடுத்தாங்க.

எஸ்பிஜி பக்கம் சாயர்புரம். நம்ம போப் ஐயர்தான், பின்னால திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல போட்டவர், 1842ல அங்க வந்தப்போ வயசு 22. இங்கிலீஷ் போர்டிங் ஸ்கூல் மாதிரி ஒரு செமினரி நடத்தினார். பனைமரக் காட்டு நடுவுல லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும். கண்டிப்புக்கு பேர் போனவர், பிரம்பு அவர் கையை விட்டு இறங்காதுன்னு பேச்சு உண்டு. தஞ்சாவூர் பக்கத்துல வேதியர்புரத்துல இன்னொரு செமினரி, அத நடத்தினவர் பவர் ஐயர், தமிழ் பைபிள் திருத்தக் குழுவுக்கு தலைமை தாங்கினவர், சீவக சிந்தாமணியோட முதல் பகுதியையும் பதிப்பிச்சார். இதுக்கு மேல படிக்கணும்னா சென்னை, 1848லேர்ந்து ராயப்பேட்டை சல்லிவன்ஸ் கார்டன்ஸ்ல எஸ்பிஜியோட இறையியல் காலேஜ், சைமண்ட்ஸ் பிரின்சிபால்.

சிஎம்எஸ் பக்கம் பாளையங்கோட்டையில பிரிபரண்டிங்கிற பயிற்சிப் பள்ளி, சார்ஜண்ட் ஐயர் கைல இருந்தது. தமிழ்லயே பாடம், நேரா சபை வேலைக்கு ஆள் தயார் பண்றது. லண்டன்ல சிஎம்எஸ் செக்ரட்டரியா இருந்த ஹென்றி வென்னுக்கும் இதே எண்ணம்தான்: சபை தன் காசுல நிக்கணும், தானே நிர்வாகம் பண்ணணும், தானே பரவணும், அதுக்கு ஜனங்க பாஷை பேசுற, ஜனங்களால சம்பளம் கொடுக்க முடியுற குருமார் வேணும், குட்டி இங்கிலீஷ்காரங்க வேண்டாம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. தமிழ்ல மட்டும் படிச்சவர் கிராமத்து ஐயரா ஆயிரலாம், நல்ல ஐயராவும் இருப்பார், ஆனா கமிட்டில உக்காந்து பேசணும், லண்டனுக்கு லெட்டர் எழுதணும், மிஷனரிக்கு சமமா வாதாடணும்னா இங்கிலீஷ் வேணும். இங்கிலீஷ் படிச்ச பையனுக்கோ கவர்மெண்ட் ஆபீஸ்ல இதைவிட நல்ல சம்பளம் காத்துட்டு இருக்கு, அவன் ஏன் தேரிக்காட்டு சபைக்கு வரப் போறான். அதனால மேல வெள்ளைக்கார மிஷனரி, கீழ தமிழ் ஐயர், அதுக்கும் கீழ உபதேசியார்னு ஒரு ஏணி, படிச்ச பாஷையை வச்சே அடுக்கி நின்னுருச்சு. யாரும் உக்காந்து பிளான் போட்டு செஞ்சாங்கன்னு நான் சொல்லல, ஆனா யாருக்கும் அத கலைக்கணும்னு அவசரமும் இல்ல.

ஜாதியை விட்டுட்டு இந்தக் கதையை சொல்ல முடியாது. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசம் உடனே, முழுசா, ஒரேயடியா ஒழியணும்னு லெட்டர் அனுப்பினார், வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் நிறைய பேர் சபையை விட்டே வெளியே போயிட்டாங்க, உபதேசியார்களும் வேலையை விட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒண்ணா உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிரலாம், ஆனா போர்டிங்ல ஒரே சமையல், ஒரே பந்தி, பக்கத்துப் பாய்ல தூக்கம், அங்க தப்பிக்க வழியே இல்ல. சேர்ந்து சாப்பிட மாட்டேங்கிறவனுக்கு பட்டம் கிடையாதுன்னு மிஷனரிகள் நின்னாங்க. நல்ல ரூல்தான். அதே மிஷனரிகள் தமிழ் ஐயரை எந்த அளவுக்கு தன் மேஜைக்குக் கூப்பிட்டாங்கன்னு அந்த மாணவன் மனசுல கேட்டிருக்க மாட்டானா?

இது இந்தியா மட்டும் பட்ட பாடு இல்ல. பார்படோஸ்ல காட்ரிங்டன் காலேஜ் உருவானது கரும்புத் தோட்டத்து வருமானத்துல, 1710ல இறந்த காட்ரிங்டன் எழுதி வச்ச உயில்படி தோட்டமும் அதுல இருந்த அடிமைகளும் எஸ்பிஜி கைக்கு வந்துச்சு, அடிமைகள் நெஞ்சுல சங்கத்தோட பேரையே சூடு போட்ட கொடுமை அங்க நடந்துச்சு. சியரா லியோன்ல 1827ல சிஎம்எஸ் தொடங்கின ஃபோரா பே காலேஜ்ல முதல் மாணவர்கள்ல ஒருத்தர் அடிமைக் கப்பல்லேர்ந்து மீட்கப்பட்ட சாமுவேல் குரோத்தர், அவர் 1864லயே பிஷப் ஆயிட்டார்.

இங்க 1877ல திருநெல்வேலிக்கு உதவி பிஷப் தேவைன்னு வந்தப்போ எஸ்பிஜிக்கு கால்டுவெல், சிஎம்எஸ்ஸுக்கு சார்ஜண்ட்னு ரெண்டு வெள்ளைக்காரங்களுக்கு ஒரே நாள்ல கொடுத்தாங்க. அத்தனை வருஷம் சாயர்புரத்துலயும் சல்லிவன்ஸ் கார்டன்ஸ்லயும் பாளையங்கோட்டையிலயும் படிச்சு வந்த தமிழ் குருமார்ல ஒருத்தர் கூட அந்த லிஸ்ட்ல இல்ல. முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் வந்தது 1912ல, வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரும் இந்த செமினரி வழியா வந்தவர் இல்ல. ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன்கள் நடத்தின மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சு, டிகிரி முடிக்காம, ஒய்எம்சிஏல செக்ரட்டரியா இருந்து, 1909ல பட்டம் வாங்கி, மூணே வருஷத்துல பிஷப் ஆனவர். தெலுங்கு பேசுற தோர்ணக்கல்லுக்கு பிஷப்பா போனவர் அங்க கிராமத்து ஊழியர்களை பயிற்றுவிக்க ஒரு பள்ளி நடத்தினார், பாடம் தெலுங்குல.